மாட்டுக்குக் கேட்ட சீட்டு

எங்கள் வீட்டில் பொலிகாளை ஒன்று உண்டு. மீனாட்சிபுரம் பக்கத்தில் சினை ஊசி நிற்காத மாடுகளை எங்கள் தொழுவத்துக்குத்தான் ஓட்டி வருவார்கள். என் வீட்டுக்காரர் அதில் ரொம்பக் கறார். கன்று வீசிய மாடு, அதாவது சினை கலைந்த மாடு என்றால், மாட்டாஸ்பத்திரியில் ரத்தம் பார்த்த சீட்டு இல்லாமல் காளைக்குப் பக்கத்தில் விடமாட்டார். அவ்வளவு விவரம் தெரிந்த மனிதர்.

இரண்டாவது முறை நான் முழுகாமல் இருந்தபோது, நாலாம் மாதம் ஹெல்த் சென்டரில் ரத்தம் எடுத்தார்கள். மறுவாரம் அங்கிருந்த மலையாளி நர்ஸ் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சிபிலிஸ் என்றார். பெயர் புரியவில்லை. ஆணும் பெண்ணும் சேர்வதால் தொற்றுகிற நோய் என்றதும் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

"எனக்குப் புண்ணு, காச்சல் ஒண்ணுமே இல்லீங்களே?"

"சேச்சி, அந்தப் புண்ணு வலிக்காது, தானே ஆறிரும். ஆனா நோய் ரத்தத்தில உண்டு. பயப்படண்டா, மருந்து உண்டு. வாரம் ஒரு ஊசி, மூணு வாரம். பர்த்தாவும் வரணும், கேட்டோ. அவருக்குப் போடாம உங்களுக்கு மட்டும் போட்டா, அவர்கிட்ட இருந்து திரும்ப வரும். குழந்தைக்கும் போகும்."

இரண்டு பேருக்கும் மருந்து முடிந்து, தான் சரி என்று சொல்லும் வரை சேரக் கூடாது என்றார். ஆணுறை போட்டிருந்தால் இந்த நோய் பெரும்பாலும் வந்தே இருக்காது என்றும் சொன்னார். பிறகு முதல் பிள்ளையைப் பற்றிக் கேட்டார். எட்டாம் மாதம் வயிற்றிலேயே இறந்துவிட்டது என்றேன். அப்போதும் ரத்தம் எடுத்திருந்தார்கள். தக்காளி பறிப்பு நேரம். ரிசல்ட் தாளை வாங்க எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. "அதும் இதனால இருக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார் நர்ஸ்.

வீடு வந்து சேர்வதற்குள் செத்துப் பிழைத்தேன். கையிலிருந்த தாளில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. கர்ப்பிணிக்கு ரத்தம் பார்க்கிறார்கள், அதனால் முதலில் தெரிவது பெண்ணிடம். முதலில் தெரிந்தவளே கொண்டுவந்தவள் ஆகிவிடுவாள். ஏற்கெனவே முதல் பிள்ளையின் சாவை மாமியார் என் தலையில் கட்டியிருந்தார். அம்மா வீட்டுக்கு ஓடலாம் என்றால், வளைகாப்புக்கு முன்னால் போனால் சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள் என்று ஊர் பேசும். எங்களுக்கு இருந்ததோ ஒரே அறை, தள்ளிப் படுக்கவும் வழி இல்லை.

தீவனத்தட்டு வெட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் போய் மெதுவாகச் சொன்னேன்.

"எனக்கென்ன கேடு? கல்லாட்டம் இருக்கறன்" என்றார். "உனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு நீ மொதல்ல யோசி."

அடப்பாவி! கல்யாணத்துக்கு முன்னால் நான் தறி வேலைக்கும் வீட்டுக்கும் தவிர எங்கே போனேன்? கோபத்தில் அழுகைகூட வரவில்லை. என் முதல் ஊசியைத் தனியாகப் போய்ப் போட்டுக்கொண்டேன். வாந்தி, தலைசுற்றல் என்று சொல்லிச் சொல்லி அவரைத் தள்ளி வைத்தேன். எத்தனை நாளைக்கு முடியும்?

நாலைந்து நாளில் ஒருவர் மாடு ஓட்டி வந்தார். கன்று வீசியதுதான். சீட்டு இல்லை.

"மாடு நல்லாத்தானுங்க இருக்குது, நீங்களே பாருங்க" என்றார் வந்தவர்.

"பாத்தாத் தெரியாதுங்க, ரத்தத்துல இருக்கும். ஒரு மாட்டுச் சீக்கு காளைக்கு ஒட்டுச்சுன்னா அத்தன மாட்டுக்கும் போயிருமுங்க. சீட்டோட வாங்க" என்று இவர் திருப்பி அனுப்பினார்.

மாடு வாசல் தாண்டியதும் கையிலிருந்த வாளியைப் போட்டு உடைக்காத குறையாகக் கீழே வைத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"பாத்தாத் தெரியாது, ரத்தத்துல இருக்கும்னு இப்ப யாருங்க சொன்னது? மாட்டுக்குச் சீட்டு கேக்கறீங்க, உங்க ரத்தத்தக் குடுக்க மட்டும் வலிக்குதா? இந்தப் புள்ளையும் போச்சுன்னா உங்கள நடுரோட்டுல நிறுத்திக் கேப்பேன்!"

அவர் முகம் வெளுத்துப் போயிற்று. பார்த்தது என்னை இல்லை, சமையலறைப் பக்கத்தை.

"மெதுவாப் பேசு புள்ள, அம்மாவுக்குக் கேக்கும்." வாளியை எடுத்து ஓரமாக வைத்தார். "நான் வர்றன். ஆனா அம்மாகிட்ட, ஒரு சனத்துகிட்ட, சாகற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. வயித்துல இருக்கறது மேல சத்தியம் பண்ணு."

வயிற்றில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். வேறு என்ன செய்வேன்? வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் சத்தியம், ஆகவே எழுதுகிறேன்.

வந்தார். அவர் ரத்தத்திலும் இருந்தது. எனக்கு இரண்டாவது ஊசி போட்ட அன்று அவருக்கு முதல் ஊசி. யாரிடமிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நர்ஸ் அதை அவரிடம் கேட்பதற்கு முன் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. அவளுக்கும் ரத்தம் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார்கள். அன்றைக்கு அழுத மாதிரி நான் என்றைக்கும் அழுததில்லை.

தொட்டில் போட்ட அன்று வீடு நிறையச் சொந்தம். மாமியார் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு சொன்னார்: "மொதப் புள்ளயப் பப்பாளியத் தின்னே கொன்னுபோட்டா. இந்த வாட்டி நான் காவல் இருந்தனோ, பொழச்சுதோ!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் அங்கேதான் நின்றார், காப்பித் தட்டோடு. உண்மை என் தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று புத்திக்குத் தெரியும். ஆனால் நான் சத்தியம் செய்தது அந்த மடியில் தூங்குகிறவள் மேல்.

"ஆமாங்கத்தை" என்றேன்.