மெழுகு கலந்த மண்

புலம்பெயர்ந்து வந்த ஸ்ட்ரெதமில் அக்காவின் அடுப்பில் பழைய மெழுகுதிரித் துண்டுகள் உருகிக்கொண்டிருந்தன. அந்த மணத்தோடு என் பழைய எரிச்சலும் வந்தது.

மன்னாரில், கோழி பிடிக்கும் மரநாய்க்கு எங்களைப் பெற்ற ஐயா பொறி புதைப்பார். மழையில் மண் இறுகினால் பொறி அடிக்காது. அதனால் சுடுமணலில் மெழுகை உருக்கிக் கலந்து மேலே தூவுவார். ஆறிய மண்ணை உதிர்ப்பது அக்காவின் வேலை.

"உன்ர கை மணக்கும், மரநாய் கண்டுபிடிச்சிடும். தள்ளி நில்" என்பார் என்னிடம்.

ஒருநாள் குளிக்கும் வாசனைச் சவர்க்காரம் பூசிய கையால் அந்த மண்ணை ரகசியமாக அளைந்தேன். மரநாய் பொறிப்பக்கமே வரவில்லை. ஐயா மண்ணை மோந்து பார்த்துவிட்டு அக்காவை அடித்தார்.

"ஐயா எனக்கு அடிச்சது அந்த ஒருக்காத்தானடி. நான் சவர்க்காரம் தொடவேயில்லை" என்றாள் அக்கா, மெழுகைக் கிண்டியபடி. கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது.

நான் இன்னொரு மெழுகுத் துண்டை உடைத்துச் சட்டிக்குள் போட்டேன். எனக்கு ஐயா ஒருநாளும் அடித்ததில்லை. மண் உதிர்க்கும் வேலையைப் போல அந்த அடியும் அவளுக்குத்தான் கிடைத்தது.