இரண்டரை நிமிடம் அதிகம்

கடையில் எல்லாரும் அவளைக் காது என்றுதான் கூப்பிட்டார்கள். பழைய வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித்தரும் கடை அது. அவளோ படத்தைப் பார்க்கவே மாட்டாள். கேசட்டை ஓடவிட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். பதினோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுத்த பழக்கம். அங்கே முகம் கிடையாது. குரலை வைத்தே யார் அவசரக்காரர், யார் புளுகர் என்று தெரிந்துவிடும். எக்ஸ்சேஞ்சை மூடியதும் தம்பி தன் கடைக்குக் கூட்டிவந்தான். ஊருக்கு அவன் முதலாளி. அவளுக்கு, மூக்கொழுகப் பின்னாலேயே ஓடிவந்தவன்.

தம்பிக்கு எல்லாக் கேசட்டையும் சினிமாவாக்கிவிட வேண்டும் என்று ஆசை. வீட்டுக் கேமராவில் எடுத்ததெல்லாம் வினாடிக்கு இருபத்தைந்து படம், சினிமா இருபத்துநாலு. அவன் அதை இருபத்துநாலின் வேகத்தில் ஓடவிட்டு, இரைச்சலையும் துடைத்து, ஒரே பொத்தானில் வேலையை முடித்துவிடுவான். மாப்பிள்ளைகள் கூடுதல் கம்பீரத்தோடு நடந்தார்கள். யாரும் குறை சொன்னதில்லை. சொல்லியிருக்கக்கூடியவர்களில் பாதிப்பேர் இறந்துபோயிருந்தார்கள்.

காது பல்வலியில் மூன்று நாள் லீவு போட்டிருந்தபோதுதான் டீச்சரின் கேசட் வந்து, பொத்தானுக்குள் போய், வெளியேயும் வந்துவிட்டது. டீச்சருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை, பேச்சு போய்விட்டது. பழைய பதிவு ஒன்று கொண்டுவந்தால், தட்டச்சு செய்வதை அவருடைய குரலிலேயே போன் பேசும்படி செய்துதருவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இருந்தது ஒரே பதிவு: என்றோ சக ஆசிரியர் ஒருவர் எடுத்த ஒரு மணிநேர வகுப்பு. கடையில் மாற்றிக்கொடுத்ததைக் கேட்டுவிட்டு, அந்தக் கேசட்டோடு திரும்பிவந்த டீச்சர், குறிப்பேட்டில் எழுதிக் காட்டினார்: ‘இது நான் இல்லை.’

தம்பி சிரித்தான். “டீச்சர், ரெக்கார்டுல கேட்டா யாருக்குமே அவங்க குரல் பிடிக்காது. எனக்கே என் குரல் பிடிக்காது.”

“உன் குரல் நேர்லயே பிடிக்காதுடா,” என்று காது வந்து உட்கார்ந்தாள்.

போட்டுக் கேட்டாள். ஜலதோஷம் பிடித்த, ரொம்பப் பொறுமைசாலியான ஒரு பெண் தூக்கக் கலக்கத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

“ஏன்டா, அறுபது நிமிஷ கேசட்டு எப்படிடா அறுபத்திரண்டரை ஆச்சு?”

“ரெண்டரை நிமிஷம் ஃப்ரீ. சந்தோஷப்படுக்கா.”

“இழுத்து வெச்சிருக்க. படத்தோட குரலும் இழுபட்டு கீழ இறங்கிடுச்சு. அந்த மிஷின் இதத்தான் கத்துக்கும். சாகற வரைக்கும் இவங்களுக்குப் பதிலா வேற ஒருத்தி பேசுவா.”

“அவ்ளோதானே? வேகத்த ஏத்திக் குடுத்துரு.”

“துடைச்சது திரும்ப வருமா? இரைச்சலோட அவங்க பேச்சுல பாதி எழுத்தையும் துடைச்சிட்ட. மறுபடியும் கேசட்டுலேர்ந்து எடுக்கணும்.”

“மிஷின்ல வேற ஆர்டர் ஓடுது. கை வெக்காதக்கா. கடை என் பேர்ல இருக்கு.”

“போர்டுலதான இருக்கு? போய் அங்க உக்காந்துக்கோ.”

ஓடிக்கொண்டிருந்ததை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தாள். டீச்சர் கேசட்டைப் போட்டாள். இருபத்தைந்தை இருபத்தைந்தாகவே விட்டாள். ஒலியைச் சுருக்கவில்லை, துடைக்கவில்லை. ஒரு மணிநேரக் கேசட்டை எடுக்க ஒரு மணிநேரம் ஆகும்; எந்த முதலாளி பல்லைக் கடித்தாலும் அதில் ஒரு வினாடி குறையாது. தம்பி கடித்துப் பார்த்தான்.

முடிந்ததும் அவனும் கேட்டான். “ஃபேன் ஓடறதெல்லாம் கேக்குதுக்கா. அசிங்கமா இல்ல?”

“ஓடிச்சு. கேக்குது.”

ஃபேனுக்கு மேலே ஒரு குரல் சுளீரென்று எழுந்தது: “சிரிச்சது யாரு? எந்திரி. எல்லாருக்கும் சொல்லு, நாங்களும் சிரிக்கறோம்!”

டீச்சரின் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன. அப்புறம் குறிப்பேட்டை இழுத்து, ‘நான்தான்’ என்று எழுதி, பேப்பர் கிழிகிற மாதிரி இரண்டு கோடு போட்டார். புதிய பதிவை வாங்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

தம்பி கொஞ்சம் இறங்கிவந்தான். “சரிக்கா, இவங்களுக்குப் பேச்சு போச்சு, அதனால இப்படி. மத்ததெல்லாம் நம்ம சினிமாதான்.”

“மத்தவங்களுக்கும் தொண்டை இருக்குடா.”

“அந்தப் பொத்தான மாத்தின, நாளைலேர்ந்து வேலைக்கு வராத.”

அவன் பார்க்கப் பார்க்க, பொத்தானில் இருந்த அந்த இருபத்துநாலு அமைப்பை அழித்தாள். மேஜைமேல் கிடந்த கேசட்டைத் திரும்ப உள்ளே தள்ளி, முதலிலிருந்து ஓடவிட்டாள்.

“ஒன்பது மணிக்கு வருவேன்,” என்றாள். “நீயும் வா. எப்படி எடுக்கறதுன்னு சொல்லித்தர்றேன்.”