குழாய்களுக்குப் போட்ட மழைக்கோட்டு

அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த ஆணுறைகளை எல்லாம் பிளாஸ்டிக் குழாய்களுக்கு மாட்டிவிட்ட முட்டாள் நான். சிரிக்கலாம், தப்பில்லை. நானும் கொஞ்ச நாள் சிரித்தவன்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன், போர்ட் பிளேரில், பத்துபஸ்தியில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. நான் அங்கே சூப்பர்வைசர். குடும்பம் நாகர்கோவிலில், நான் மட்டும் இங்கே. வேலையாட்களும் அப்படித்தான். பரமக்குடி, ஸ்ரீகாகுளம், ராஞ்சி என்று பல ஊர்களிலிருந்து கப்பலேறி வந்து, தகரக் கொட்டகையில் ஒன்றாகத் தங்கியிருந்தார்கள்.

மாதம் ஒருமுறை ஒரு சுகாதாரப் பணியாளர் வருவார். தீவிலேயே பிறந்து வளர்ந்த பெங்காலி அக்கா. பால்வினை நோய், எச்.ஐ.வி. என்று கூச்சமே இல்லாமல் இந்தியில் பேசிவிட்டு, என் மேசைப் பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய ஆணுறை வைத்துவிட்டுப் போவார். யார் எடுக்க வந்தாலும் நான் சும்மா விடமாட்டேன். "என்ன மாப்ளே, இன்னிக்கு ஓவர்டைமா?" என்று சைட் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் கொடுப்பேன். வந்தவன் பேனாவைத் தேடுவதுபோல் நடித்துவிட்டுப் போய்விடுவான்.

அது மழைக்காலம். தளம் போடுவதற்கு முன் மின்கம்பிக் குழாய்களின் வாய் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் தண்ணீரும் சிமென்ட் பாலும் இறங்கினால் அடைத்துக்கொள்ளும். சாக்குத்துணியைத் திணித்துப் பார்த்தோம். இந்த ஊர் மழைக்கு அது நிற்கவில்லை. பெட்டியைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன். ஒன்றை மாட்டினால், அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது!

அடுத்த மாதம் வந்த அக்கா காலிப் பெட்டியைப் பார்த்து அசந்துபோனார். "சப் கதம்?" எல்லாமே தீர்ந்துபோச்சா என்று கேட்டார்.

"ஹமாரா ஆத்மி லோக் பஹுத் சமஜ்தார் ஹே, தீதி" என்றேன். நம் ஆட்கள் ரொம்ப விவரமானவர்கள் என்று. சந்தோஷத்தில் இன்னும் நிறைய வைத்துவிட்டுப் போனார். அதுவும் மாடிக்கே போனது.

அந்தச் சமயத்தில்தான் பரமக்குடிக் கொத்தனார் என்னிடம் வந்தார். ஊருக்குப் போக எடுத்திருந்த கப்பல் டிக்கெட்டைக் கேன்சல் பண்ண வேண்டுமாம். அந்த டிக்கெட்டுக்கு இங்கே அடிதடியே நடக்கும்.

"ஏன்யா, பொண்டாட்டி மேல பாசம் வத்திப்போச்சா?"

அவர் சிரிக்கவில்லை. "பாசம் இருக்கப்போயிதாண்ணே போக வேணாங்கிறேன்."

மெதுவாகத்தான் சொன்னார். ஓரிடத்துக்குப் போயிருக்கிறார். இப்போது புண் வந்திருக்கிறது. "போறதுக்கு முன்னாடி, நீங்க இல்லாத நேரமாப் பாத்து பெட்டியில கைய விட்டேண்ணே. ஒண்ணுமில்ல."

எங்கள் தலைக்கு மேலே குழாய்கள் எல்லாம் உறை போட்டுக்கொண்டு பத்திரமாக மழையில் நின்றிருந்தன.

மருந்துக்கடையில் ஏதாவது மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஊர்ப்பக்கமே போகாமல் இருந்துவிடுவது என்பது அவர் திட்டம்.

"அதெல்லாம் வேலைக்காவாது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"அங்க நம்மாளுங்க எவனாவது இருப்பான். கப்பலுக்கு முன்னாடி சேதி ஊருக்குப் போயிரும்ணே."

"எனக்குத்தான் வைத்தியம்னு சொல்லிக்கிறேன்."

"உங்களுக்கா?"

"ஏன்யா, எனக்கு வரக்கூடாதா? நான் என்ன அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

அப்போதுதான் அவர் முகம் லேசாக இளகியது.

அவர் பயந்தபடியே நடந்தது. நாங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, அபர்டீன் பஜாரில் நாங்கள் ஆணி, கம்பி வாங்குகிற கடைக்காரர் வந்து நின்றார். கதவில் பால்வினை நோய்ப் பிரிவு என்று இருந்த பலகையைப் படித்தார். பிறகு எங்கள் முகங்களைப் படித்தார்.

"யாருக்கு சார்?"

கொத்தனார் எழுந்து ஓடப் பார்த்தார். சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். "எனக்குத்தான் அண்ணாச்சி. தம்பி துணைக்கு வந்திருக்காப்ல."

"ஓஹோ" என்றவர், எனக்கு நீட்டிய கையைப் பாதியிலேயே திருப்பித் தலையைச் சொறிந்துகொண்டார். சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்க நான் நோயாளி. டீக்கடையில் எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ வந்தது. வாங்கிக் குடித்தேன். அந்தக் கப் கொத்தனார் கைக்குப் போகவில்லையே, அது போதும்.

புண் மருந்தில் ஆறிவிடும், நடுவில் நிறுத்தக்கூடாது என்றார் டாக்டர். எச்.ஐ.வி. இல்லை, ஆனால் மூன்று மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் பார்க்க வேண்டும், அதுவரை வீட்டிலும் ஆணுறை கட்டாயம். அப்படியென்றால் மனைவியிடம் சொல்லித்தானே ஆக வேண்டும்? கொத்தனார் மாட்டவே மாட்டேன் என்றார். கேன்சல் பண்ணச் சொல்லி அவர் கொடுத்த டிக்கெட் என் பையில் இருந்தது. "சொன்னாத்தான் தருவேன்" என்று நானும் நகரவில்லை. கடைசியில் போன் போட்டார். எதிர்முனையில் முதலில் அழுகை. அதற்குப் பிறகு, "மாத்திரைய முடிச்சிட்டு வாங்க. நேர்ல பேசுவோம்." அவர் அடுத்த கப்பலில் போனார்.

பெங்காலி அக்காவிடம் குழாய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், கொட்டகையின் பின்பக்கம், மழை படாத, என் கண்ணும் படாத ஒரு பலகையில் வைத்தார். குழாய்களுக்கு முறையான மூடி வாங்கிவிட்டேன். பெட்டி காலியாகாமல் பார்த்துக்கொள்வது இன்றுவரை என் வேலை. என் கேலி யாருடைய கையை எதை எடுக்கவிடாமல் தடுக்கிறது என்று யோசித்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் வாயைத் திறக்கிறேன்.

மூன்று மாதம் கழித்துக் கொத்தனார் ஊரிலிருந்து கூப்பிட்டார். இரண்டாவது பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. போனை மனைவியிடம் கொடுத்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இனிமே கவலையே படாத தங்கச்சி. இங்க ஒவ்வொருத்தனையும் நானே டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று அளந்துவிட்டேன்.

"நீங்க டெஸ்ட் எடுத்தீங்களாண்ணே?"