என் நாடியை நானே பிடித்த கதை

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆண்குறி எழுச்சி பற்றிய வகுப்பு வந்தால் அதை என் தலையில் கட்டிவிடுவார்கள், மூத்தவர்களுக்குக் கூச்சம். எனக்குக் கூச்சமே கிடையாது, ஏனென்றால் அனுபவமும் கிடையாது. “நரம்பு முனையில அசிடைல்கோலின் கசிஞ்சா ரத்தக்குழாய் தளரும், ரத்தம் நிறையும். பயத்துல நார்அட்ரினலின் கசிஞ்சா குழாய் இறுகும், ஆட்டம் குளோஸ்” என்று கரும்பலகையில் படம் போட்டு விளாசுவேன். கடைசி பெஞ்சு கைதட்டும்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ஆட்டம் குளோஸ்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் எங்களுக்கென்று ஓர் அறை ஒதுக்கினார்கள். தாழ்ப்பாள் சரியாக விழாது. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா படுத்திருப்பார். ஒருமுறை இருமிவிட்டு, பதில் வருகிறதா என்று கேட்பவர்போலக் கொஞ்சம் நிறுத்துவார். என் ரத்தக்குழாய்கள் எல்லாம் அட்டென்ஷனில் நிற்கும், நிற்க வேண்டியதைத் தவிர.

மற்றவனாயிருந்தால் சும்மா இருந்திருப்பான். நான் படித்தவன் அல்லவா? போர்வைக்குள் என் மணிக்கட்டை நானே பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்தேன். அட்ரினலின் ஏறுகிறதா என்று பார்ப்பேன்; பார்ப்பதாலேயே ஏறும்; ஏறியதை உணர்ந்து பயந்து இன்னும் ஏறும். மீட்டரையே பார்த்துக்கொண்டு டாக்சியில் போகிறவனுக்குக் கடற்கரை எங்கே தெரியும்?

பாடத்திலும் அப்போது ஓர் ஓட்டை இருந்தது. அசிடைல்கோலினை மருந்தால் தடுத்தாலும் எழுச்சி நிற்பதில்லை. ஏன் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. நரம்பு அனுப்பும் முக்கியமான தூதன் நைட்ரிக் ஆக்சைடு என்கிற வாயு என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. எந்த வியாதிக்கும் “எல்லாம் வாயுதான்டா” என்று சொல்லும் என் அம்மாவுக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் காலை மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் மனைவி கேட்டாள்: “என்னைப் பிடிக்கலையா உங்களுக்கு? பிடிக்கலேன்னா இப்பவே சொல்லிடுங்கோ.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் கோளாறை இத்தனை நாள் அவள் தன்மேல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கையில் ஈரத் துண்டோடு பாடம் நடத்தினேன். “தவளை இதயத்துல ஒரு சொட்டு அட்ரினலின் விட்டா தடதடன்னு ஓடும். எனக்கு அது உள்ளேயே ஊறறது. பயந்தா மத்த குழாயெல்லாம் இறுகிடறது.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அந்தத் தவளைக்கும் பக்கத்து ரூம்ல அப்பா இருமிண்டிருந்தாரா?”

கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

“அப்போ நான் காரணமில்லையே?”

“நீ அசிடைல்கோலின்.”

“திட்டறேளா?”

“பாராட்டறேன்.”

பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவம் வந்தது. அன்று பிற்பகல் மயிலாப்பூரில் எவனும் வீட்டில் இருக்கமாட்டான்; எங்கள் வீட்டிலும் எல்லோரும் மாடவீதியில் இருக்கிற அத்தை வீட்டு மாடிக்குக் கிளம்பினார்கள். என் மனைவி நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டு, “தலை வலிக்கறதும்மா, நீங்க போய்ட்டு வாங்கோ” என்றாள். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டைத் தூக்கிக் காட்டி நானும் தங்கிவிட்டேன்.

தெருக்கோடியிலிருந்து மேளச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இருமல் இல்லை. ஆனாலும் பழக்க தோஷம், என் வலதுகை இடது மணிக்கட்டைத் தேடிப் போயிற்று. அவள் பார்த்துவிட்டாள்.

“யாருக்கு ஜுரம்?”

சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நெற்றிப் பற்று உதிர்ந்து தலையணையெல்லாம் சுக்கு வாசனை. என் கையை விலக்கிவிட்டு மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டாள். “இனிமே இதை நான் பார்த்துக்கறேன். நீங்க பார்க்கக் கூடாது.”

நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிக்கிறவனுக்குப் பயப்பட நேரம் ஏது? கரும்பலகையில் நான் போட்ட படம் தப்பில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு எல்லோரும் திரும்பினார்கள். “தலைவலி தேவலையா?” என்று அம்மா கேட்டாள்.

“தேவலைம்மா” என்றாள் அவள். “இவருக்குத்தான் நாடி கொஞ்சம் வேகமா இருந்தது. இப்போ சரியாப்போச்சு.”

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா இருமினார். நான் பாட்டுக்கு விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.