லீவு கேட்டால் தமாஷ் சொல்லும் குரல்

முட்டாள்தனத்தில் எனக்கு நல்ல கைராசி. குன்னூர்க் குளிருக்குப் பயந்து ஹீட்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து லுங்கியைப் பொசுக்கிக்கொண்டவன் நான். அதைவிடப் பெரிய முட்டாள்தனம், என் ஜோக்குகளுக்கு எல்லோரும் எப்போதும் சிரிப்பார்கள் என்று நம்பியது.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. ஒரு தேயிலை எஸ்டேட்டுக்காக, போனில் பேசி லீவு எழுதிக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரை வடிவமைத்தேன். அதுவரை லீவு வேண்டுமென்றால், காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்துக்கு வந்து சூப்பர்வைசரிடம் நேரில் சொல்ல வேண்டும். காய்ச்சல்காரன் பனியில் மேடேறி வருவது என்ன நியாயம் என்று மனம் பொங்கி, அந்த நடையை ஒழித்துவிட்டேன். கூடவே, இயந்திரம் விறைப்பாகப் பேசினால் பயப்படுவார்களே என்று, யார் எதைச் சொன்னாலும் பதிலுக்கு ஒரு தமாஷ் சொல்லப் பழக்கினேன். எல்லாம் என் சரக்குதான்.

சோதித்துப் பார்த்த அன்று சூப்பர்வைசர் கேட்டார்.

“ஏனுங்க, ஆளு நேர்ல வந்தா மூஞ்சியப் பாத்தே டிஸ்பென்சரிக்குத் தொரத்திருவேன். இதுல எனக்கு எப்புடித் தெரியுமுங்க?”

“சாயங்காலம் லிஸ்ட் வந்துருமுங்க. உங்களுக்கும் கொஞ்சம் லீவு குடுக்கறேன்னு நெனச்சுக்கங்க.”

அவர் சிரிக்கவில்லை. ரசனை கெட்ட மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை மாதத்தில் ஒரு காலை. ஃபாக்டரியில் இலை வாட்டும் பிரிவில் வேலை செய்தவர் பேசியது பதிவாகியிருக்கிறது. பிறகு அதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று தெரியாது.

“நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்கு. இடது கையும் கடுக்குது. இன்னைக்கு லீவு போட்டுக்கங்க.”

என் உதவியாளர் உற்சாகமாகச் சொன்னது: “போட்டாச்சுங்க! கம்பளிக்குள்ள பூந்துக்கங்க. உங்களக் காணோம்னு எலைங்க அழுவாது!”

அது சொன்னபடியே அவர் செய்தார். அவர் மனைவி கொழுந்து பறிக்கப் போனார். மதியம் அந்த அம்மா, எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பியபோது, கம்பளிக்குள் உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. சாயங்காலம், நான் வாக்குக் கொடுத்தபடி, சூப்பர்வைசருக்கு லிஸ்ட் போய்ச் சேர்ந்தது. இறந்தவர் பெயருக்கு எதிரே பச்சை நிறத்தில் ஒரு டிக்.

அதன்பின் திருத்தினேன். உடம்பு சரியில்லை என்று யாராவது சொன்னால் தமாஷ் கிடையாது. உடனே டிஸ்பென்சரிக்கும் சூப்பர்வைசருக்கும் போன் போகும். ஒரு மனிதர் எடுக்கும்வரை ஓயாது. மொத்தமே இரண்டு நாள் வேலை. முதலிலேயே செய்திருக்கலாம்.

அதைச் சொல்லத்தான் லயத்துக்குப் போனேன். அந்த அம்மா கம்பளியை மடித்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு செருப்போடு வாசலிலேயே நின்றுவிட்டது.

“இனிமே யாராச்சும் முடியலன்னா உடனே போன் போயிருமுங்கம்மா,” என்று உளறினேன். “தப்பு என்னுதுங்க. அந்த நேரத்துல போய் அது தமாஷ் பண்ணி…”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அன்னைக்கு அதக் கேட்டு நாங்களுந்தான் சிரிச்சோம், தம்பி.”