பேச்சிச்செல்வி பாடாத கொடை

பேச்சிச்செல்விக்கு நாற்பத்தேழு வயது. ஆறுமுகநேரி உப்பளத்தில் உப்பு வாருகிறவள். புருஷன் மாசானம் தூத்துக்குடித் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டுகிறான். ஊரில் விசாரித்தால் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். "மைக்ல பாடுவாள்லா, அந்தப் பிள்ளையா?" என்றுதான் கேட்பார்கள்.

பாட்டு அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சினிமாவில் பெரிய பேர் வாங்கி, இப்போது உயிரோடு இல்லாத ஒரு பாடகி. அந்த அம்மாளின் பக்திப் பாட்டுகளை டேப்பில் கேட்டுக் கேட்டு, இழுக்கிற இடத்தில் இழுத்து, குழைகிற இடத்தில் குழைந்து, அப்படியே பிடித்துக்கொண்டாள். பதினெட்டு வயதில் உடன்குடிப் பக்கம் ஒரு கச்சேரிக் குழுவில் சேர்ந்து மேடையேறினாள். "கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா அந்தம்மாதான்" என்று சனம் சொல்லும்போது அவளுக்குத் தலைகால் புரியாது. கல்யாணத்தோடு மேடை போயிற்று. மேடையேறுகிற மருமகளை எந்த மாமியார் தாங்குவாள்?

மிஞ்சியது மாசானம் குடும்பத்துச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா மட்டும். அங்கே சாமியாடுகிறவன் மாசானம். மதியக் கொடையில் சாமியை அழைக்கிற பாட்டு அவளுடையது. இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். அதில் ஒரு வரி உண்டு. 'பிடிமண்ணுக்குப் பின்னால நடந்து வந்தவனே.' மாசானத்தின் முன்னோர் ஒருவர் தாய்க்கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து இங்கே பீடம் போட்டபோது, அந்த மண்ணுக்குப் பின்னாலேயே சாமியும் வந்ததாம். அந்த வரியைப் பாடியதும் மாசானத்தின் உடம்பு உதறும். வருடம் முழுக்க உப்பு வாரினாலும், அந்த ஒரு மதியம் சாமியையே வரவழைக்கிறவள் நான்தான் என்ற நினைப்பு அவளுக்கு இருந்தது. இருக்கத்தானே செய்யும்.

இந்த வருடம் மாசானம் காப்புக் கட்டிக்கொண்டு விரதத்துக்காகக் கோயிலிலேயே தங்கிவிட்ட மறுநாள், விழாக் கமிட்டிச் செயலாளர் ஜெயகணேஷ் போனும் கையுமாக அவளிடம் வந்தான். துறைமுகத்தில் ஏஜென்ட் ஆபீஸ் உத்தியோகம். முறைக்கு அவள் அவனுக்குச் சித்தி.

"சித்தி, இந்தத் தடவ பாட்ட ஏஐ-ல போடுதோம். நீங்க இதுல பாடித் தாங்க. அதுமேல அந்தம்மா குரல ஏத்திருவோம். செத்துப்போன அந்தம்மாவே நம்ம கோயிலுக்கு வந்து பாடுன மாரி இருக்கும்."

"அப்ப நான்?"

"நீங்கதான சித்தி பாடுதிய. குரல் மட்டுந்தான் அவங்களுது."

அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் அந்த அம்மாள் மாதிரியே பாடிப் பேர் வாங்கியவள், அந்த அம்மாளே வருகிறாள் என்றால் எந்த வாயால் வேண்டாம் என்பாள்? பாடிக் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒரு காரியம் செய்தாள். பிடிமண் வரியை விட்டுவிட்டாள். ஜெயகணேஷ் கவனிக்கவில்லை, கொடைக்குக் கொடை பந்தியில் நிற்கிறவனுக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும்? அந்த வரி இல்லாமல் சாமி இறங்காது, எல்லாரும் முழிப்பார்கள், மைக்கை எடுத்துக்கொண்டு தன்னைத் தேடி வருவார்கள் என்பது அவள் கணக்கு. சாமியோடு விளையாடுகிறோமே என்று பயமாகத்தான் இருந்தது. தன் இடம் போய்விடுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மதியக் கொடையன்று குழாய் ஸ்பீக்கரில் பாட்டு எழுந்தது. அவளுக்கே புல்லரித்தது. மூச்சு வாங்குகிற இடமெல்லாம் அவளுடையது. குரல் மட்டும் அந்த அம்மாளுடையது, வயதாகாத குரல். கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. பேச்சிச்செல்வி தொண்டையைக் கனைத்துச் சரிசெய்துகொண்டு, மைக் செட்காரருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

விட்ட வரி வரவேண்டிய இடத்துக்கு இன்னும் இரண்டு வரி இருக்கும்போதே மாசானம் உதறினான். ஒரே பாய்ச்சலில் பீடத்து ஈட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஆடினான். அப்படி ஓர் ஆட்டத்தை ஊர் பார்த்ததில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். அவளை யாரும் தேடவில்லை. பாவி, எனக்காக ஒரு வரிக்காவது காத்திருக்கக் கூடாதா என்று சாமியை மனதுக்குள் ஏசினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் அருள் வருகிறது என்று நினைத்து அவள் நெற்றியில் திருநீற்றை அப்பினார்கள்.

ஆடி ஓய்ந்து விழுந்த மாசானத்தைத் தூக்கிக் கோயிலுக்குப் பின்னால் நிழலில் கிடத்தினார்கள். அவள் சுக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். ஜெயகணேஷும் கூடவே வந்தான். மாசானம் கண் திறந்து முதலில் பார்த்தது அவளைத்தான்.

"ஏளா, என்னமா பாடிட்ட இன்னைக்கு. இத்தன வருசத்துல நீ இப்பிடிப் பாடுனதே இல்ல."

ஜெயகணேஷ் வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். சாயங்காலத்துக்குள் யாராவது உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் பாராட்டு அதுவரைக்குமாவது தன்னிடம் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டாள். வெட்கம் கெட்ட ஆசைதான்.

மாசானம் பாதி குடித்துவிட்டு லோட்டாவை அவளிடம் நீட்டினான்.

"நீயும் ரெண்டு மடக்குக் குடி."

"எனக்கு வேண்டாம், நீங்க குடிங்க."

குரல் கணீரென்று வந்தது. கொடைப் பாட்டு பாடி முடித்தால் மூன்று நாளைக்குத் தொண்டை கட்டி, சைகையிலேயே பேசுகிறவள் அவள். மாசானம் லோட்டாவைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தான்.