வாவிச் சேற்றில் நண்டு வளை எண்ணப் போனபோது

நண்டு வளைகளைப் படம் பிடித்து, கணினியில் எண்ணி அளக்கும் வேலைக்காக 2006 தொடக்கத்தில் மட்டக்களப்புக்குப் போனேன். சமாதானம் பேருக்கு இருந்த காலம். கையில் கமராவோ வயரோ இருந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் அவர்களைத் திரும்பிப் பார்ப்பேன்.

நகரிலிருந்து வாவிக்கரைத் தன்னாமுனைக்கு ஆறேழு கிலோமீற்றர், ஓட்டோவுக்கு இருநூற்றைம்பது. தோணிக்காரர் அந்தோனி அண்ணன் அரை நாளுக்கு எண்ணூறு கேட்டார். தன் முகம் படத்தில் விழக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தான் தோணியைத் தள்ளினார்.

சேற்றில் அளவுகோலை வைத்துப் படமெடுத்தால், மென்பொருள் கறுத்த வட்டங்களைத் தேடி மஞ்சள் வளையமிட்டு இலக்கம் போடும், அகலத்தையும் சொல்லும். என் கை சும்மா இருக்குமா? திரும்பும்போதே தோணியில் வைத்து, மடிக்கணினியில் எல்லாப் படங்களையும் மென்பொருளுக்குள் ஓட்டிவிட்டேன். கரையில் இறங்கியதும் இராணுவச் சோதனை.

திரையைப் பார்த்த அதிகாரி ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார். எட்டிப் பார்த்தேன். அதை மட்டும் கமராவைச் சரித்து எடுத்திருக்கிறேன். மேல் மூலையில் எதிர்க்கரை இராணுவக் காவலரண். மணல் மூட்டைகளுக்கு நடுவே துப்பாக்கி நீட்டும் ஓட்டைகளுக்கும் அந்தப் பாழாய்ப்போன மென்பொருள் இலக்கம் போட்டு, அகலமும் எழுதியிருந்தது.

அவர் அண்ணனின் அடையாள அட்டையை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டார். நான் கொழும்புக்குப் போய்விடுவேன். அட்டை இல்லாமல் அண்ணன் எந்தச் சோதனையைத் தாண்டுவார்?

சோதனை மேசையில் வெள்ளைத் தட்டில் அவித்த கறுப்புக் கடலை இருந்தது. கெஞ்சிக் கேட்டு அதைப் படமெடுத்து ஓட்டிக் காட்டினேன். கடலைக்கெல்லாம் இலக்கம். தட்டோரத்தில் இருந்த ஈக்கும் இலக்கம். இதற்கு ஒன்றுமே தெரியாதா என்று கேட்டார். கறுப்பாக இருந்தால் எண்ணும், அவ்வளவுதான் என்றேன். காவலரண் படத்தைத் தன் கண்முன்னே அழிக்கவைத்துவிட்டு அட்டையைக் கொடுத்தார். கடலையை மட்டும் அவர் அதன்பிறகு தொடவில்லை.

இப்படிப் போகிறவர்கள் கமராவை நேரே கீழே பிடியுங்கள். கரை விழவே வேண்டாம். எண்ணுகிற வேலையை வீடு திரும்பியபின் பாருங்கள்.

ஓட்டோவுக்குக் காத்து நின்றபோது, மிச்சப் படங்களையும் காட்டச் சொன்னார் அண்ணன். ஒன்றில் முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். கறுத்த தலைமுடியைச் சுற்றி மஞ்சள் வளையம், இலக்கம் முப்பத்தேழு.

“முகம் விழல்ல அண்ணன்,” என்றேன்.

“முகம் இல்லாட்டி என்ன தம்பி, நம்பர் கிடக்குத்தானே? நாளைக்கு ஆரும் பிடிச்சு, உனக்கேன் நம்பர் போட்டதெண்டு கேட்டா, நண்டெண்டு நினைச்சுப் போட்டதெண்டா சொல்லுற?”

அழித்தேன்.

“அழிஞ்சதெண்டு எனக்கெப்படித் தெரியும்?” என்றார்.

ஓட்டோ வந்து நின்றது. காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.